ஷிட்சு வளர்க்க ஆசையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்திருந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஷிட்சு என்ற நாய் இனத்தைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஷிட்சு, லாசா அப்சோ இரண்டும் ஒன்றுதானே? எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

வெவ்வேறு இனங்கள். ஆனால் இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1930-களில் ஷிட்சு இங்கிலாந்துக்கு வந்த புதிதில், அங்கே நாய் வளர்ப்பில் ஊறியவர்களே இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்தார்கள், பிறகுதான் பிரித்தார்கள். லாசா அப்சோ திபெத்திய மடங்களில் உள்காவல் இருந்த நாய். புது ஆள் வந்தால் தள்ளி நின்று எடைபோடும், குரல் கொடுக்கும். ஷிட்சு சீன அரண்மனையில் வளர்ந்தது; பேரரசி சிசி இதை விரும்பி வளர்த்தவர். வந்தவர் யாராக இருந்தாலும் காலடியில் போய் உட்காரும். காவலுக்கு என்று யாரும் வாங்கிவிடாதீர்கள்.

முகத்தைப் பார்த்தால் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஷிட்சுவுக்கு மூக்கு குட்டை, கண் பெரியது, உருண்டை. லாசாவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம், கண் சிறியது.

'டீகப் ஷிட்சு' என்று உள்ளங்கை அளவில் ஒரு குட்டி காட்டினார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அப்படி ஓர் இனமே கிடையாது. நன்றாக வளர்ந்த ஷிட்சு 4 முதல் 7 கிலோ வரை இருக்கும். அதைவிட மிகச் சிறியதாக இருப்பதற்காகவே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யும் குட்டிகளுக்கு எலும்பு எளிதில் முறியும், சர்க்கரை அளவு சட்டென்று இறங்கும்.

முடி கொட்டாது, அதனால் அலர்ஜி வராது என்கிறார்களே?

முடி குறைவாகக் கொட்டும் என்பது சரி. அலர்ஜி வராது என்பது தவறு. அலர்ஜியைக் கிளப்புவது நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதங்கள். அவை எல்லா நாய்க்கும் உண்டு. வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருந்தால், ஷிட்சு வளர்க்கும் வீட்டுக்கு அவரை நாலைந்து முறை அழைத்துப் போய் உட்கார வைத்துப் பாருங்கள். குட்டியை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது அந்தக் குட்டிக்குப் பெரிய கொடுமை.

எங்கள் குட்டிக்குப் பத்து மாதம். தினமும் பிரஷ் செய்தும் சிக்கு விழுகிறது. க்ரூமிங் செய்பவர் முழுக்க மழிக்க வேண்டும் என்கிறார். மனசு வரவில்லை.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பத்து மாதம் என்பதுதான் விஷயமே. ஏறக்குறைய ஒரு வயதை ஒட்டி, குட்டியின் மென்முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். உதிரும் முடி கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்தச் சில வாரங்களில் எவ்வளவு சீவினாலும் போதாது என்றுதான் தோன்றும்.

பிரஷ் மேலாக ஓடினால் முதுகு பளபளவென்று இருக்கும், அடியில் சிக்கு இறுகிக்கொண்டே போகும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடியுங்கள். கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக விடுவித்து, தோல் தெரியும்படி வகிடு எடுத்துச் சீவுங்கள். கடைசியில் ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுங்கள். தடங்கினால் அங்கே வேலை பாக்கி. காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, ஹார்னெஸ் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) உரசும் இடம் ஆகியவற்றில்தான் முதலில் தடங்கும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கு எடுத்துவிட வேண்டும். நனைந்தால் இன்னும் இறுகும். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். சிக்கு தோலையும் சேர்த்து இழுத்து வைத்திருக்கும், எது முடி எது தோல் என்று தெரியாது. அப்படி வெட்டுப்பட்டு வரும் நாய்களுக்கு நான் தையல் போடுவதுண்டு.

தோலோடு ஒட்டிப்போயிருந்தால் மழிப்பதே கருணை. அடியில் தோல் சிவந்து, ஈரம் கோத்து, ஒவ்வொரு அசைவிலும் சுண்டி இழுத்துக்கொண்டிருக்கும். முடி மறுபடி வளரும். வளர்ந்த பிறகும், தினம் நேரம் ஒதுக்க முடியாதவர்கள் குட்டையாகவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடும் முடி கண்காட்சிக்கு அழகு. நாய்க்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

நேற்றிலிருந்து ஒரு கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கிறது, தண்ணீர் வடிகிறது. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருக்கிறது. விடலாமா?

விடாதீர்கள். இதைப் படித்ததும் டாக்டரிடம் கிளம்புங்கள். ஷிட்சுவின் கண் துருத்திக்கொண்டிருப்பதால் தூசி, முடி, பூனை நகம் எதுபட்டாலும் கருவிழியில் புண் வரும். பழைய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் அந்தப் புண் ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகிவிடலாம். போகும் வழியில் காலால் தேய்க்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: தினம் காலையில் ஈரப் பஞ்சால் பீளையைத் துடையுங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. நெற்றி முடியைத் தளர்வாகக் கட்டுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னெஸ் போடுங்கள். கழுத்தை இறுக்கினால் மூச்சோடு கண்ணும் சிரமப்படும்.

வெயில் நேரத்தில் நடக்கக் கூட்டிப்போகலாமா?

கூடாது. நாய் உடம்புச் சூட்டை முக்கியமாக இரைத்துத்தான் தணிக்கிறது. குட்டை மூக்கு உள்ள நாயால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. விடியற்காலையும் இருட்டிய பிறகும் போதும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, காற்றுப்படச் செய்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அம்மாவுக்கு 70 வயது, தனியாக இருக்கிறார். துணைக்கு ஒரு ஷிட்சு குட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

குணத்தைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான நாய் கிடைப்பது கஷ்டம். ஆனால் குட்டி வேண்டாம். அது காலுக்குள் புகுந்து விளையாடும், அம்மா தடுக்கி விழக்கூடும். கழிப்பறைப் பழக்கமும் இந்த இனத்துக்குச் சீக்கிரம் வராது. பழகிய, ஐந்தாறு வயது நாயாகத் தேடுங்கள். முடியைக் குட்டையாக வைத்து, மாதம் ஒருமுறை க்ரூமிங்குக்கு அழைத்துப் போகும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஷிட்சுக்கள் 15 வயதைத் தாண்டி வாழும். அம்மாவால் முடியாத நாள் வந்தால் அது உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதமா என்று பேசிவிடுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், நாய் வேண்டும் என்று அவர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.