பதில்: ஹட்டனிலிருந்து டி கொரோனே பொரியாலிஸ் ஏன் தெரியவில்லை?

வடமகுடம் என்ற விண்மீன் மண்டலத்தில், அவ்வப்போது வெடித்துப் பிரகாசமாகும் விண்மீன்தான் டி கொரோனே பொரியாலிஸ். ஹட்டனிலிருந்து விண்மீன் படத்தை வைத்துத் தேடியும் அது தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் 10×50 பைனாகுலரில் பிழையில்லை. வெடிக்காத நேரத்தில் இந்த விண்மீனின் ஒளியளவு 10 அளவில்தான் (எண் கூடக்கூட மங்கல்). டவுன் வெளிச்சத்தில் அது அகப்படாது. 1866, 1946 போல மறுபடி வெடித்தால் 2ஐ எட்டலாம், அதாவது அதே மண்டலத்து ஆல்ஃபெக்கா விண்மீனுக்குச் சமம். வெறுங்கண்ணுக்கு ஒரு வாரம்போலத்தான் நிற்கும். அதனால் இப்போதே இடத்தைப் பழகிவையுங்கள்.

சுவாதி (ஆர்க்டுரஸ்) விண்மீனிலிருந்து அபிஜித்துக்கு (வேகா) கோடு இழுங்கள். மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அரைவட்டமாக வடமகுடம். அதன் கிழக்கு ஓரத்து எப்சிலன் என்ற விண்மீனிலிருந்து சுமார் 1 பாகை தெற்கே பாருங்கள். படம் உங்களைக் குழப்பியது இங்கேதான்: நம் மலையகத்தில் அது தன் அதிக உயரத்துக்கு வரும்போது வடக்கே 71 பாகை உயரத்தில் நிற்கும். வடக்குப் பார்த்து நின்றால் தெற்கு மேலே. ஆகவே படத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள், எப்சிலனுக்கு மேலே தேடுங்கள். மார்ச்சில் விடியற்காலை 4 மணி வாக்கில் நல்ல உயரம். தென்மேல் பருவமழை தொடங்கினால் ஹட்டன் பக்கம் முகில்தான், பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை.

லென்ஸில் ஈரம் படிந்தால் துடைக்காதீர்கள், தூசி கீறிவிடும். முன்னால் கறுப்பு அட்டைக் குழல் செருகுங்கள். பார்க்காதபோது கீழ்நோக்கிப் பிடியுங்கள். உள்ளே கொண்டுபோகுமுன் பையில் போட்டு மூடிவிடுங்கள்.