பன்றி இறைச்சி: இரத்தச் சீட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: கிறிஸ்துமசுக்குப் பாறசாலையில் 5 கிலோ பன்றி இறைச்சி வாங்கினோம். வறுத்தபோது வீடெல்லாம் மூத்திர வாடை. கடைக்காரர் பன்றியின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, குறையில்லை என்கிறார். என் கணவருக்கோ வாடையே தெரியவில்லை.
— களியக்காவிளை வாசகி

பதில்: உங்கள் மூக்கு சொல்வதுதான் சரி அம்மா. காயடிக்காத ஆண் பன்றியின் விதையில் ஆண்ட்ரோஸ்டினோன் சுரக்கிறது. மூத்திர வாடை அதனுடையது. ஸ்கட்டோல் என்ற இன்னொரு பொருள் பெருங்குடலில் நுண்ணுயிரிகளால் உண்டாகிறது; அது சாண வாடை. இரண்டும் இரத்தம் வழியே போய்க் கொழுப்பில் தங்கும், சூடுபட்டால் கிளம்பும். ஆண்ட்ரோஸ்டினோன் வாடையைப் பிறவியிலேயே உணராதவர்கள் நிறையப் பேர். உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை.

இந்தச் சீட்டு வியாபாரம்தான் எனக்குப் பொறுக்காதது. 'வாடையே வராது' என்று சீட்டு காட்டி எனக்கும் விற்றிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் பன்றியைத் தரம் பிரிக்க இரத்தப் பரிசோதனை உதவும். ஆனால் ஸ்கட்டோலைக் கல்லீரல் வேகமாகச் சிதைப்பதால், இரத்தத்தில் அதன் அளவு சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கும். கொழுப்பில் சேர்ந்தது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆகவே கொழுப்பில் இவை இரண்டும் எவ்வளவு என்று கேளுங்கள்: ஒரு கிராமுக்கு ஆண்ட்ரோஸ்டினோன் 0.5 முதல் 1 மைக்ரோகிராம், ஸ்கட்டோல் 0.2 முதல் 0.25 மைக்ரோகிராம், இதைத் தாண்டினால் வாடை தெரியும் என்பது பொதுக் கணக்கு. சீட்டில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு மட்டும் இருந்தாலோ, மாதிரி எடுத்த தேதியும் பன்றியின் காது எண்ணும் இல்லாவிட்டாலோ அது வெறும் காகிதம்.

பில்லும் கொஞ்சம் கொழுப்பும் பத்திரமாக இருக்கட்டும். கொழுப்பை ஃப்ரீசரில் வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். கடை கேரளத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில், வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: கல்யாண விருந்துக்கு 40 கிலோ எடுத்தேன். பில் இல்லை, முகர்ந்தும் பார்க்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
— மார்த்தாண்டம்

பதில்: எதைக் காட்டிக் கேட்பீர்கள்? 40 கிலோ எடுக்கிறவர் முதலில் விரலளவு கொழுப்பை வாங்கி, மூடிய சட்டியில் சூடாக்கி, திறந்ததும் நாலு பேரை முகரச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் கூட ஆகாது.

கேள்வி: போன வாரம் காயடித்த ஆண் பன்றி, விலை குறைவு. வாங்கலாமா?
— கொல்லங்கோடு

பதில்: வேண்டாம். கொழுப்பில் ஏறியது இறங்கப் பல வாரம் ஆகும். சின்னக் குட்டியிலேயே காயடித்ததாக, தழும்பு ஆறியதாகப் பாருங்கள்.

கேள்வி: வினிகரில் ஊறவைத்தால் வாடை போகுமா?
— வாளையார்

பதில்: போகாது. கொழுப்பைச் சீவி எறிந்தால் குறையும்.