டோஸ் ஏறுகிறது, டிஎஸ்எச் இறங்கவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 42. மூன்று வருடமாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறேன். 50 மைக்ரோகிராமில் தொடங்கியது 75 ஆனது. அதற்கும் டிஎஸ்எச் 9 என்று வந்ததால் போன வாரம் 100 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு நாள்கூட விட்டதில்லை. காலையில் காபியோடு போட்டுவிடுவேன், ரத்தசோகைக்கான இரும்பு மாத்திரையையும் அப்போதே. ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

பதில்: விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: காபி, இரும்பு மாத்திரை. டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் அது ஏறும்.

100 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கையில் தெரியும் மாத்திரையில் பெரும்பகுதி மருந்தைத் தாங்கும் மாவுதான். அந்த மருந்துதான் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன். அந்தத் துளியிலும், வெறும் வயிற்றில் போட்டால்கூட, சுமார் 60 முதல் 80 சதவீதம்தான் குடல் வழியாக ரத்தத்தில் ஏறும். அதில் காபி பங்கு கேட்டால் என்ன மிஞ்சும்? டோஸ் ஏற்றியும் டிஎஸ்எச் இறங்காத சிலரை இத்தாலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். அவர்கள் எல்லோரும் மாத்திரையைக் காபியோடு விழுங்கியவர்கள். தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தபோது மருந்து ஒழுங்காக ஏறியது. அது பால் கலக்காத காபி. நம் காபியில் பாலின் கால்சியமும் சேர்ந்துகொள்கிறது.

இரும்பு இன்னும் மோசம். தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் சரியாக ஏற விடாது. 1992இல் வெளியான ஆய்வில் 14 பேர் இரண்டையும் 12 வாரம் சேர்த்துப் போட்டார்கள். தைராக்சின் அளவை மாற்றாமலே சராசரி டிஎஸ்எச் 1.6இலிருந்து 5.4க்குப் போனது. கால்சியம் மாத்திரையும் இப்படித்தான். இவற்றுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காபியை எப்படித் தள்ளிப்போடுவது? எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை, பிறகு வாசல் தெளித்து, குளித்து முடித்து வந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போடுவது கணக்கில் வராது. முடியவே முடியாதென்றால் இரவில் போடலாம். 2010இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் படுக்கும்போது போட்டவர்களுக்கு டிஎஸ்எச் இன்னும் நன்றாகவே இறங்கியது. ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்குத் தூக்கம் என்ற நம் வீடுகளுக்கு இது சரிப்படாது.

தினமும் கேஸ் மாத்திரை போடுகிறீர்களா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராக்சின் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், கேஸ் மாத்திரையோ அதைக் குறைத்துவிடும். முடிக்காகப் பயோட்டின் சாப்பிட்டால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சில லேப் முறைகளில் அது டிஎஸ்எச்சை இல்லாத அளவுக்குக் குறைத்துக் காட்டும். மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாதோ என்று பயப்பட வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். உங்களுக்கு 100 எழுதியது காபியோடு ஓரளவு வீணான 75ஐ வைத்துப் போட்ட கணக்கு. இனி ஒழுங்காகப் போட்டால் அதே 100 அதிகமாகிவிடலாம். அதனால் காலைப் பழக்கத்தை மாற்றுமுன் உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லி, 75லேயே தொடரலாமா என்று கேளுங்கள். ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், மாற்றம் டிஎஸ்எச்சில் நிலைத்துத் தெரிய ஆறு வாரம் பிடிக்கும். பத்து நாளில் லேபுக்கு ஓடிப் பயனில்லை. ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை அதற்கப்புறம் போடுங்கள். இடையில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று ஏதாவது வந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.