பதில்: சக ஆசிரியரின் தொழில்நுட்பப் பயன்பாட்டை எப்படி மதிப்பிடுவது?

வணக்கம். உயர்நிலைத் தமிழ் வகுப்பைப் பார்வையிட உங்களுக்குத் தந்த படிவம், ஆசிரியர் எத்தனை செயலி பயன்படுத்தினார் என்று மட்டும் கேட்பதாகச் சொன்னீர்கள். அந்தக் கட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் 2021 முடிவதற்குள் உயர்நிலை மாணவர் எல்லார் கையிலும் கற்றல் சாதனம் வந்தாயிற்று. பயன்படுத்துவதே இப்போது பெரிய விஷயமில்லை.

தொழில்நுட்பம் பாடத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று நாலு படியாகப் பிரிப்பது ரூபன் புவன்டெதூராவின் சாமர் (SAMR) அளவுகோல். அதில் தாளுக்குப் பதில் திரை என்பது முதல் படி. முன்பு முடியாத வேலையைச் செய்யவைப்பது நாலாவது. பாடத்தைப் பற்றி ஆசிரியரோடு பேச இந்த அளவுகோல் உதவும், மதிப்பெண் போட உதவாது. சில பாடத்துக்கு முதல் படியே போதும். மிஷ்ராவும் கோலரும் 2006இல் வெளியிட்ட டிபேக் (TPACK) என்ற சட்டகம் பரவாயில்லை: பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்.

நான் பார்ப்பது பிள்ளைகளின் திரையை. வாய்மொழிப் பயிற்சி என்றால், மாணவர்கள் இணையக் கற்றல் தளத்தில் பேசிப் பதிவு செய்தார்களா? ஆசிரியர் அதைக் கேட்டுக் கருத்துச் சொன்னாரா? மறுமுறை பேசும்போது ழகரமோ வாக்கியமோ திருந்தியதா? பதிவேற்றியதோடு நின்றால் அது வெறும் வீட்டுப்பாடம்தான். (புதிர்ப்போட்டி ஆரவாரத்தில் மயங்கிவிடாதீர்கள்!) வகுப்பு முடிந்ததும், "இதை ஏன் சாதனத்தில் செய்யவைத்தீர்கள்?" என்று ஆசிரியரிடமே கேட்டு, அவர் சொல்வதை அப்படியே படிவத்தில் எழுதுங்கள்.