தொட்டியில் நீந்திய கெண்டை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

என் மகன் போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் படிக்கிறான். வரும் டிசம்பர் 24 மாலை, உடன் படிக்கும் நண்பன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் சைவம். அதைச் சொன்னதற்கு, "அன்றைக்கு 12 வகை சமைப்போம், ஒன்றில்கூட இறைச்சி இருக்காது" என்றார்களாம். ஆனால் அதே நண்பன் போன வருடம் எடுத்த ஒரு படத்தையும் அனுப்பியிருக்கிறான். குளியல் தொட்டியில் பெரிய மீன் ஒன்று நீந்துகிறது! எனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ், பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேக்கும் அவர்கள் வீட்டு பிரியாணி வாசனையும்தான். பண்டிகையில் இறைச்சி கூடாது, மீன் மட்டும் ஆகுமா? ஐரோப்பா முழுக்க இப்படித்தானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

24ஆம் தேதி மாலை அவர்கள் சாப்பிடுவது விரதச் சாப்பாடு. பண்டிகை மறுநாள்தான். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் என்று இறைச்சியை ஒதுக்கிவிட்டு மீன் குழம்பு வைப்பார்களே, அதே கணக்கு. ஆடு, மாடு, பன்றி, கோழி ஆகாது. நீரில் வாழ்வதற்குத் தடையில்லை. இந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு பீவர் என்ற விலங்கின் செதில் வாலையும் மீன் கணக்கில் சேர்த்த காலம் ஐரோப்பாவில் உண்டு. விதி என்று ஒன்று வந்தால் சந்து கண்டுபிடிக்காத ஊர் எது?

இன்றைய திருச்சபைச் சட்டம் டிசம்பர் 24 அன்று இறைச்சியை விலக்கியே ஆகவேண்டும் என்று சொல்வதில்லை. ஆனால் போலந்து வீடுகளில் அந்தத் தளர்வை யாரும் பொருட்படுத்துவதில்லை. விகீல்யா என்கிற அந்த மாலைக்குச் சட்டத்தைவிடப் பாட்டியின் பேச்சுதான் பெரிது.

வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே பந்தி. குழந்தைகளை ஜன்னலருகே காவலுக்கு நிறுத்துவார்கள்; அங்கே டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் அதிகம் காய வேண்டியிருக்காது. மேசையில் வெள்ளை விரிப்பு, அதற்கடியில் கொஞ்சம் வைக்கோல், இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாக. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். இறந்துபோன உறவினரை நினைத்து வைப்பதாகச் சொல்கிறவர்களும் உண்டு.

சாப்பாட்டுக்கு முன் ஒப்வாதெக் வரும். மாதா கோவிலில் பூசையின்போது தரும் அப்பம் மாதிரி மெல்லியது, புளிக்காத மாவில் செய்தது, மேலே இயேசு பிறப்புக் காட்சி அச்சாகியிருக்கும். ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவருடையதில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, தன்னுடையதில் ஒரு துண்டைக் கிள்ளக் கொடுத்து, வாழ்த்துச் சொல்ல வேண்டும். மேசையில் உள்ள ஒவ்வொருவரோடும் இது நடக்கும். ஆறு மாதமாகப் பேசாத அண்ணன் தம்பியும் அன்றைக்கு முகத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். 12 வகை உணவைவிட எனக்குப் பிடித்தது இதுதான். 12 என்பது இயேசுவின் சீடர்களின் எண்ணிக்கை என்பார்கள். சில வட்டாரங்களில் முன்பு ஒற்றைப்படையில் சமைத்ததும் உண்டு.

இனி தொட்டி மீன். அது கெண்டை. மத்திய ஐரோப்பாவில் மடங்களும் பிரபுக்களும் விரத நாட்களுக்காகவே குளம் வெட்டிக் கெண்டை வளர்த்தார்கள். செக் நாட்டில் த்ரெபோன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ரோஜ்ம்பெர்க் குளம் 1584 முதல் 1590 வரை யாகுப் கிர்ச்சின் என்பவரின் மேற்பார்வையில் வெட்டப்பட்டது. இன்றும் இலையுதிர்காலத்தில் அதன் நீரை வடித்து மீன் பிடிக்கிறார்கள். ஆனால் போலந்தில் கெண்டை வீட்டுக்கு வீடு வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். கடல்மீன் பிடிக்கப் படகுகள் போதவில்லை. குளத்து மீனை வளர்ப்பது சுலபம், மலிவு. கம்யூனிஸ்ட் அரசு அதைப் பெருக்கியது. அன்றைய தொழில் வணிக அமைச்சர் ஹிலாரி மின்ட்ஸ் பெயரோடு சேர்த்தே போலந்துக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஊழியர்களுக்குப் பண்டிகைப் படியாகக் கெண்டை கொடுத்தார்கள். கடவுளை ஒப்புக்கொள்ளாத அரசு கிறிஸ்துமஸ் விரதத்துக்கு மீன் விநியோகம் செய்திருக்கிறது!

உயிரோடு வாங்கி வந்து ஓரிரு நாள் தொட்டியில் விட்டால் மீன் புதிதாக இருக்கும், சேற்று வாடையும் குறையும் என்பது நம்பிக்கை. அதுவரை வீட்டில் யாரும் குளிக்க முடியாது. குழந்தைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டு, வெட்டும் நாளில் அழுவார்கள். இந்த வழக்கம் இப்போது குறைந்துவருகிறது. தண்ணீரில்லாத பையில் உயிர்மீனை அடைத்துக் கொடுப்பது விலங்கு வதையாகலாம் என்ற கருத்தை 2016 டிசம்பரில் போலந்து உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெரிய கடைகள் பலவும் உயிர்க்கெண்டை விற்பதை நிறுத்திவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை. செதிலை மட்டும் பணம் சேரட்டும் என்று பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஐரோப்பா முழுக்க இப்படியா என்றால், இல்லை. செக் நாட்டில் கோவிலுக்குப் போகாதவர்கள்தான் அதிகம், ஆனாலும் 24 இரவு ரொட்டித்தூளில் பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலடும் பல வீடுகளில் உண்டு. போர்ச்சுகலில் அன்றைக்கு உப்பிட்டு உலர்த்திய காட் மீன், அதுவும் பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருவது. உக்ரைனில் 12 வகையிலும் பாலும் வெண்ணெயும்கூடக் கிடையாது. கோதுமை, கசகசா, தேன் சேர்ந்த குத்யாதான் முதல் உணவு. அவர்கள் 2023 முதல் அரசு விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டார்கள். மார்ட்டின் லூதர் தொடங்கிவைத்த சீர்திருத்தச் சபையைத் (புராட்டஸ்டன்ட்) தழுவிய வடக்கில் விரதம் கைவிடப்பட்டது. அதனால் டென்மார்க்கில் 24 இரவே பன்றியும் வாத்தும் வறுபடுகின்றன, சுவீடனில் பன்றித்தொடை. இருந்தும் காரநீரில் ஊறிய உலர்மீன் ஒன்று சுவீடன் மேசையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லூதரால்கூட அதை அகற்ற முடியவில்லை.

உங்கள் மகனுக்கு: கெண்டையும் ஹெர்ரிங் மீனும் கட்டாயம் இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். முட்டைக்கோஸும் காளானும் அடைத்த, கொழுக்கட்டை மாதிரியான பியரோகி, பீட்ரூட் சூப், கசகசா ரொட்டி, உலர்பழக் கஷாயம் எல்லாம் பொதுவாக இறைச்சியும் மீனும் இல்லாதவைதான். சூப்பில் மீனோ, மாவில் முட்டையோ சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். எல்லா வகையிலும் ஒரு வாயாவது ருசி பார்க்க வேண்டும் என்பது மரபு. மீனை ஒதுக்குவதற்கான காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் மதியத்துக்கும் கூப்பிட்டால் யோசித்துச் சம்மதிக்கச் சொல்லுங்கள். விரதம் முடிந்திருக்கும், மேசை முழுக்கத் தொத்திறைச்சியும் பன்றித்தொடையும்தான்.