கைப்பேசி இருக்க, ஊர் நூலகம் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊராட்சி நூலகம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்ட பிறகு, அதைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுப்பதில் பயன் உண்டா?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: நிச்சயமாக உண்டு. வீட்டில் ஒரே கைப்பேசி என்றால், அது பகலெல்லாம் வேலைக்குப் போகிறவரின் சட்டைப்பையில் இருக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கைக்கு அது இரவில்தான், அதுவும் சார்ஜ் தீர்ந்த நிலையில் வந்து சேரும். 1931-இலேயே உங்கள் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழிசெய்தது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையன்று, உரிமை. மனுவோடு நிற்காமல், கிராமசபையில் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள்.

அதற்காகக் கைப்பேசியை ஒதுக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல, அச்சுப் பக்கங்களை அப்படியே படியெடுத்தவை என்பதால், சிறிய திரையில் வரிக்கு வரி விரலால் பெரிதாக்கி நகர்த்த நேர்ந்து, முதியவர்கள் விரைவில் சலித்துவிடுகிறார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பெரும்பாலும் தட்டச்சு செய்யப்பட்டவை என்பதால், அந்தத் தொல்லை குறைவு. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால், பிறகு டேட்டா செலவின்றிப் படிக்கலாம். நூலகத்தைத் திறக்கும்போது வைஃபை இணைப்பும் சார்ஜ் போடும் வசதியும் வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்.