கண்ணும் கைக்கோலும்: வாசகர் கேள்வி, பயிற்சியாளர்கள் பதில்

கே: எங்கள் ஐயாவுக்குக் கண் நீர் அழுத்த நோயால் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. காரைக்குடியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய முகாமில் வெள்ளைக் கோல் கொடுத்தார்கள். வாங்கி வந்து மூலையில் சாத்தியதோடு சரி. “இதை ஊன்டுனா முன்னால சாயுது” என்கிறார். எங்களுடையது பழைய வளவு வீடு. என்ன செய்யலாம்?
– வாசகி, கண்டனூர்

ப: முதலில் கோலை அளந்து பாருங்கள். முகாம்களில் எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிற கோளாறு. ஐயா செருப்போடு நிமிர்ந்து நிற்கட்டும். தரையிலிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை கோல் எட்ட வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு ஏறத்தாழ 120 செ.மீ. வரும். குட்டைக் கோல் படியைத் தொடும்போதே காலும் படியில் இடித்துவிடும்.

இது ஊன்றுகோல் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பாரத்தைப் போட்டால் மடக்கு இணைப்பு நழுவும். முன்னால் சாய்வதற்குக் காரணம் அநேகமாக அதுதான். முழங்காலுக்குத் தாங்கல் வேண்டுமானால் மறு கையில் தனியாக ஒரு கைத்தடி.

பிடி தொப்புளுக்கு நேரே இருக்கட்டும். மணிக்கட்டு மட்டும் அசைய, தோள் அகலத்தைவிட இருபுறமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வீச வேண்டும். இடக்கால் முன்னே போகும்போது முனை வலப்பக்கம் தொட வேண்டும், அடுத்து வலக்கால் விழப்போகும் இடம் அது. காலும் கோலும் ஒரே பக்கம் போனால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்காமலே மிதிப்பார். வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது. முனையைத் தூக்காமல் தேய்த்தபடியே போகலாம். தெருவில் தட்டித் தட்டித்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் முனை பள்ளத்தில் சிக்கி, பிடி வயிற்றில் குத்தும்.

உயர்ந்த நிலைப்படியைக் கோல் சொல்லிவிடும். ஊஞ்சலைச் சொல்லாது: கோல் பலகைக்கு அடியில் நுழைந்துவிடும், முழங்கால் மோதும். ஆடாத நேரத்தில் பலகையைச் சுவரோரம் இழுத்துக் கட்டுங்கள். பாதி திறந்த கதவும் ஆபத்து. ஒன்று முழுக்கத் திறங்கள், அல்லது சாத்துங்கள்.

மிச்சப் பார்வை இருக்கிறதல்லவா, பத்தியிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படி விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். பூவும் கட்டமுமான கல்லில் விளிம்பு கரைந்துபோகும். அதனால் பட்டையில் சித்திரமே கூடாது. கல்லே மஞ்சளாக இருந்தால் கறுப்புப் பட்டை.

கே: அம்மா பலகாரக் கடை வைத்திருக்கிறார். பார்வை போனபின் ரூபாய் நோட்டில் ஏமாறுகிறார்.
– வாசகர், தேவகோட்டை

ப: புதிய வரிசை நோட்டுகளின் நீளம்: 10 ரூபாய் 123 மி.மீ., 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. கெட்டி அட்டையை 150 மி.மீ. நீளத்தில் வெட்டி, மற்ற அளவுகளில் ஓரத்தில் சிறு வெட்டு வையுங்கள். நோட்டின் ஒரு முனையை அட்டை முனையோடு சேர்த்துப் பிடித்தால், மறுமுனை எந்த வெட்டில் நிற்கிறது என்று விரல் சொல்லும். கசங்கிய நோட்டில் 4 மி.மீ. வித்தியாசம் ஏமாற்றும், முதலில் நீவச் சொல்லுங்கள். பழைய 100 ரூபாய் 157 மி.மீ., அட்டைக்கு வெளியே நீட்டும்.

நோட்டின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மேடான கோடுகளும் உதவும்: 100க்கு நான்கு, 200க்கு நான்கும் நடுவே இரண்டு வட்டமும், 500க்கு ஐந்து. எண்ணெய்க் கை பட்டுத் தேய்ந்த நோட்டில் இவற்றை நம்ப முடியாது. ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி இணையம் இல்லாமலே நோட்டைப் படித்துச் சொல்லும். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

கே: அப்பச்சியின் அறுபதாம் சாந்திக்குப் பார்வையற்றோர் பள்ளியில் சாப்பாடு போட நினைக்கிறோம். வேறென்ன கொடுக்கலாம்?
– வாசகர், புதுவயல்

ப: சாப்பாட்டுக்கு நாள் குறிக்கும் முன் பள்ளியைக் கேளுங்கள், முகூர்த்த நாள்களில் மூன்று வீட்டுச் சாப்பாடு ஒரே மதியம் வந்து சேர்வதுண்டு. பிரெயில் தாள் எப்போதும் தேவைப்படும். 120 முதல் 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம் வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஊசி கிழித்துக்கொண்டு போகும், தப்பிய புள்ளியும் நாலு முறை தடவினால் அமுங்கிவிடும். பிரெயில் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் நிறுத்தி வைத்தே ஏற்றுங்கள். அடுக்கினால் அடியில் இருப்பதன் புள்ளிகள் நசுங்கும்.

கே: தம்பிக்கு ஒரு கண் அறவே தெரியாது, மறு கண் நன்றாக இருக்கிறது. ஊனச் சான்றிதழில் 30 சதவீதம்தான் எழுதினார்கள். சரியா?
– வாசகி, பள்ளத்தூர்

ப: சரிதான். கண்ணாடி போட்ட நிலையில் நல்ல கண்ணின் பார்வையை வைத்தே பெரும்பாலும் சதவீதம் அமையும். இடஒதுக்கீடு முதலியவற்றுக்கு 40 வேண்டும். நல்ல கண்ணும் 6/18க்குக் (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிற நிலை) கீழே போனால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.